சாலை போகாத ஊருக்குக் கப்பல் வந்த கதை

பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து இக்கிடோஸுக்குப் பேருந்து கிடையாது, ரயிலும் கிடையாது. விமானம் ஏறவேண்டும். காசில்லாதவர்கள் புகால்பா துறைக்கோ யூரிமாகுவாஸ் துறைக்கோ வந்து, படகின் மேல்தளத்தில் தூளி கட்டிப் படுத்து, சில நாட்கள் ஆற்றோடு போகிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும் ஒரே நெடுஞ்சாலை சுமார் 100 கி.மீ. ஓடி, நௌட்டா என்ற சிற்றூரில் நின்றுவிடுகிறது. அமேசான் காட்டுக்குள் இருக்கும் இக்கிடோஸில் வசிப்பவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். வெளியுலகோடு சாலைத் தொடர்பில்லாத நகரங்களில் உலகிலேயே பெரியது இதுதான் என்பார்கள்.

18-ஆம் நூற்றாண்டில் இக்கிடோ பழங்குடியினரிடையே ஏசுசபைப் பாதிரிமார் அமைத்த குடியிருப்புதான் இதன் தொடக்கம். அதன்பின் நூறாண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1864 ஜனவரியில்தான் ஊரின் தலையெழுத்து மாறியது. இங்கிலாந்தில் கட்டிய நீராவிக் கப்பல்கள் அமேசானில் ஏறி இங்கே வந்தன. பெரு அரசு கடற்படைத் தளமும் பட்டறையும் அமைத்தது. அட்லாண்டிக் கடலிலிருந்து சுமார் 3,600 கி.மீ. உள்ளே ஒரு கடற்படைத் தளம்! இத்தனை தூரம் வந்தும் ஊரின் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர்தான். ஆறு அவ்வளவு சமதளமாக ஓடுவதால் கடற்கப்பலும் ஏறிவர முடிந்தது. லிமாவுக்குப் போக ஆண்டிஸ் மலையைத் தாண்ட வேண்டும். லிவர்பூலுக்கோ நேரே கப்பல் இருந்தது.

1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்ததும் ரப்பருக்கு வெறிபிடித்த கிராக்கி. இக்கிடோஸில் பணம் புரண்டது. மொராக்கோவிலிருந்து யூத வணிகர்கள் வந்து கடை போட்டார்கள். மாளிகைச் சுவர்களில் போர்ச்சுக்கல் ஓடுகள் பதிக்கப்பட்டன. ஐரோப்பாவில் செய்த இரும்பு வீடு ஒன்று கப்பலில் வந்திறங்கி, சதுக்கத்தின் மூலையில் பூட்டி நிறுத்தப்பட்டது. பாரிஸ் கோபுரம் கட்டிய ஈஃபில் வடிவமைத்தது என்று ஊரார் பெருமை பேசுவார்கள். ஆய்வாளர்களில் பலர் அதை ஒப்புக்கொள்வதில்லை. யார் செய்திருந்தால் என்ன, அந்த வெயிலில் இரும்புச் சுவருக்குள் குடியிருக்க நினைத்ததே பணத்திமிர்தான்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெருக் காடுகளில் பெருமளவு ரப்பர் காஸ்டில்லா மரத்திலிருந்து கிடைத்தது. அதை வெட்டிச் சாய்த்துத்தான் பாலை வடித்தார்கள். ஒரு பக்கம் மரம் தீர்ந்தால் இன்னும் உள்ளே போகவேண்டும். உள்ளே போக ஆள் வேண்டும். விரும்பி வருவோர் இல்லாத இடங்களில் பழங்குடியினரைப் பிடித்து வேலை வாங்கினார்கள்.

இதில் பெயர் கெட்டவர் ஹூலியோ சேசார் அரானா. தொப்பி விற்று வாழ்க்கையைத் தொடங்கியவர். புடுமாயோ ஆற்றுப் பகுதியை வளைத்துப் போட்டார். 1907-ல் லண்டனில் பதிவான அவருடைய நிறுவனத்தின் முகாம்களில், குறித்த எடைக்கு ரப்பர் கொண்டுவராத உயிதோதோ, போரா மக்கள் சவுக்கடி பட்டார்கள், பட்டினி போடப்பட்டார்கள், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வால்டர் ஹார்டன்பர்க் என்ற அமெரிக்கர் 1909-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இதை அம்பலப்படுத்தினார். நிறுவனம் லண்டனுடையது, கங்காணிகளில் சிலர் பார்படோஸிலிருந்து வந்த பிரிட்டிஷ் குடிமக்கள். எனவே பிரிட்டன் கைகட்டி நிற்க முடியவில்லை. கொங்கோ கொடுமைகளை முன்பே வெளிக்கொணர்ந்த ரோஜர் கேஸ்மென்ட் 1910-ல் அனுப்பப்பட்டார். அந்தக் கங்காணிகளின் வாயாலேயே நடந்ததைக் கேட்டு எழுதினார். 1912-ல் அறிக்கை வெளியானது. மாண்டவர்கள் சுமார் 30,000 பேர் என்பது அக்காலக் கணக்கு. நிறுவனம் கலைந்தது. அரானாவோ பிற்பாடு செனட்டராகவும் இருந்தார், 1952-ல்தான் இறந்தார்.

ரப்பர் செல்வத்தை முடித்துவைத்தது அந்த அறிக்கை அல்ல. 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. மலாயாவில் வரிசை வரிசையாக நட்ட தோட்டங்களில், கப்பலேறிப் போன தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டினார்கள். 1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை முந்திவிட்டது. விலை சரிய, இக்கிடோஸின் வணிகர்கள் மூட்டை கட்டினார்கள்.

ஊர் காலியாகிவிடவில்லை. மரம், மீன், 1970-களிலிருந்து எண்ணெய் என்று பிழைத்தது. பெலேன் பகுதியில் ஏழைகள் மிதவைகள் மேலும் உயரக் கால்கள் நட்டும் வீடு கட்டியிருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் தெருவில் தோணி ஓடும். அமேசானே சற்று விலகிப் போய்விட்டதால், பழைய ஆற்றங்கரைச் சாலையில் நின்றால் இப்போது தெரிவது இடாயா ஆறு.

2020-ல் கொரோனா வந்தபோது மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்தது. லாரியில் கொண்டுவர வழியில்லை. விமானத்தில் வந்த உருளைகள் போதவில்லை. கடைசியில் உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் மக்களிடம் நிதி திரட்டி, ஊருக்கென்றே ஆக்சிஜன் தயாரிக்கும் இயந்திரம் வாங்க ஏற்பாடு செய்தார்.