டிரங்குப் பெட்டியில் இருக்கும் நூலும் ஒரு பக்கக் கடிதமும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வண்டன்மேடு வரை நம்மவர் வீடுகளில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள் பட்டா, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு இவற்றுக்கு அடியில் சில வீடுகளில் ஒரு நீள நோட்டுப் புத்தகமும் இருக்கும். தாத்தா எழுதிய எஸ்டேட் கதை, அம்மா எழுதிய நாவல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தொகுத்த நாட்டுப்பாடல்கள் என்று ஏதோ ஒன்று. "புத்தகமாப் போடலாமே" என்று கேட்டால், "யாருக்கு எழுதறது, என்னன்னு எழுதறது?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு என்னால் இயன்ற விடையே இக்கட்டுரை.

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் பெரிய பதிப்பகங்கள் எழுத்தாளர் நேராக அனுப்பும் கைப்பிரதியைப் பெரும்பாலும் படிப்பதில்லை. இடையில் இலக்கிய முகவர் என்றொருவர் உண்டு. நூலைப் படித்து, பிடித்திருந்தால் பதிப்பகத்தோடு பேரம் பேசி, எழுத்தாளருக்கு வரும் பணத்தில் வழக்கமாக 15 சதம் (அயல்நாட்டு உரிமை என்றால் 20 சதம்) எடுத்துக்கொள்வார். அவருக்கு முதலில் போவது நூல் அல்ல. ஒரு பக்கக் கடிதம், ஏறக்குறைய 300 சொற்கள். அதைக் குவெரி லெட்டர் என்பார்கள். நாம் அறிமுகக் கடிதம் என்று வைத்துக்கொள்வோம்.

தமிழில் இந்த முகவர் வழக்கம் வேர்விடவில்லை. எழுத்தாளர் நேராகப் பதிப்பகத்துக்கே எழுதுகிறார். சென்னையில் 2023 ஜனவரியில் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி தொடங்கிய பிறகு, தமிழ் நூல்களைப் பிறமொழிப் பதிப்பாளருக்கு எடுத்துச்சொல்லும் முகவர்களைப் பயிற்றுவிக்கும் முயற்சி நடக்கிறது. அது நம் மலைக்கு ஏறிவர நாளாகும். ஆனால் முகவரானாலும் பதிப்பாளரானாலும் கடிதம் ஒன்றுதான்.

ஆர்.கே. நாராயணின் முதல் நாவல் பல பதிப்பகங்களிலிருந்து திரும்பி வந்தது. கைப்பிரதியை ஒரு கல்லோடு கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று ஆக்ஸ்போர்டில் இருந்த சிநேகிதருக்கு அவர் எழுதிவிட்டார். சிநேகிதர் அதை நதியில் போடாமல் கிரகாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் பரிந்துரைக்க, 'சுவாமியும் சிநேகிதர்களும்' 1935-இல் லண்டனில் வெளிவந்தது. நம் பக்கத்து ஜில்லாவான கோட்டயத்தின் அய்மனத்தில் வளர்ந்த அருந்ததி ராயின் கதையும் இதைப்போலத்தான். 1996-இல் டில்லியில் பதிப்பாசிரியராக இருந்த பங்கஜ் மிஸ்ரா அவருடைய கைப்பிரதியைப் படித்து லண்டனுக்கு அனுப்பினார். டேவிட் காட்வின் என்ற முகவர் விமானம் ஏறி நேரில் வந்தார். 1997-இல் புக்கர் பரிசு.

இருவருக்கும் "இதைப் படித்துப் பாருங்கள்" என்று சொல்ல இன்னொருவர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். மறையூரில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அந்த இன்னொருவர் சொல்லியிருக்கக்கூடியதை நாமே ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் நம்மவர் செய்யும் பிழையை என் கதையைக் கொண்டே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். முதல் பக்கம் முழுக்க வணக்கமும் தமிழ்த்தாய்க்கு அவர்கள் ஆற்றும் தொண்டின் புகழும். இரண்டாம் பக்கத்தில் நான் வாங்கிய பரிசுகள், பள்ளிக் கவியரங்கக் கேடயம் உட்பட. மூன்றாம் பக்கத்தில் "சிறியேனின் எழுத்தில் பிழை இருப்பின் பொறுத்தருள்க" என்று முடித்தேன். நூல் எதைப் பற்றியது என்பது அதில் ஒரே வரி. பதில் வரவில்லை. வராதது நியாயம் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு வேறொரு பதிப்பகத்துக்கு அரைப்பக்கம் எழுதினேன். "மூன்று அத்தியாயம் அனுப்புங்கள்" என்று ஒரே மாதத்தில் பதில் வந்தது. கடைசியில் வேண்டாம் என்றார்கள்தான். ஆனால் ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்லி எழுதினார்கள். அந்தக் காரணத்தை வைத்துத்தான் இரண்டாம் படியைத் திருத்தினேன்.

நல்ல கடிதம் எப்படி இருக்கும்? ஒரு கற்பனை மாதிரி தருகிறேன்.

"ஐயா, வணக்கம். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. மறவர் நாட்டிலிருந்து நாற்பது பேரை முன்பணம் கொடுத்து மலைக்குக் கூட்டிவந்த ஒரு கங்காணி, வெள்ளம் வடிந்ததும் அவர்களை ஊருக்கு விடுவதா, கடனைக் காட்டி நிறுத்துவதா என்று தீர்மானிக்க வேண்டும். நிறுத்தினால் அவர்கள் சாகலாம். விட்டால் கடன் அவன் தலையில். 'பற்றுச்சீட்டு' என்ற என் நாவல் அந்த மூன்று வாரங்களின் கதை. 62,000 சொற்கள், எழுதி முடித்தாயிற்று. 'எரியும் பனிக்காடு' படித்தவர்கள் இதையும் படிப்பார்கள் என்று நம்புகிறேன். அது வால்பாறை மலை, இது மூணாறு. நான் தேவிகுளம் வட்டத்தில் லயத்தில் பிறந்தவன். உரையாடல் மலையாளம் கலந்த எங்கள் தமிழில் இருக்கிறது. முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்."

இவ்வளவுதான். யார், எங்கே, எப்போது, என்ன இக்கட்டு என்பது முதல் நாலு வரிக்குள் வந்துவிட்டது. கங்காணி கடைசியில் என்ன செய்தான் என்று சொல்லவில்லை, பாருங்கள். நூலின் நீளத்தைப் பக்கக் கணக்கில் சொன்னால் அச்சுக்கு அச்சு மாறும்; சொல் கணக்கே நல்லது. "இதுபோன்ற நூல் உலகில் இல்லை" என்று எழுதவே கூடாது. படிக்கிறவர் சிரித்துவிட்டு அடுத்த உறையைப் பிரிப்பார். மாறாக, நம் நூல் எந்த அலமாரியில் எதன் பக்கத்தில் நிற்கும் என்று சொல்வது அவருக்கு உதவி. மாதிரியில் 'எரியும் பனிக்காடு' வந்தது அதனால்தான். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த 'ரெட் டீ'தான் அது. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வர 2007 ஆயிற்று. நம் ஜனங்களின் கதை நம் மொழிக்கு வர 38 வருஷம்!

மலையாளம் கலந்த பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் நமக்குண்டு. அதை விட்டுவிட வேண்டும். பாலக்காட்டுக்குப் பக்கத்துத் தஸ்ராக் கிராமத்தை வைத்து ஓ.வி. விஜயன் எழுதிய 'கசாக்கின்டெ இதிகாசம்' 1969-இல் வந்தது. அந்த மண்ணின் கலப்புப் பேச்சை மலையாளிகள் குறையாகவா நினைத்தார்கள்? சித்தூர்த் தமிழும் பீர்மேட்டுத் தமிழும் கலந்த மொழி என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். சென்னையில் இருப்பவருக்கு அதுதான் புதுச்சரக்கு. (இந்தச் சங்க மலரில் நம்மை மொத்தமாகப் புலம்பெயர்ந்தோர் என்கிறோம். மூணாற்றுக்கு அது பொருந்தும். 1956-க்கு முன்பே, கொச்சி ராஜ்ஜியக் காலத்திலிருந்தே சித்தூரில் இருப்பவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.)

நாவலாக இல்லாமல் நினைவுக் குறிப்பாகவோ வரலாறாகவோ இருந்தால், நீங்கள் ஏன் எழுதத் தகுந்தவர் என்ற வரி கூடுதலாக வேண்டும். பட்டம் வேண்டியதில்லை. "முப்பது வருஷம் கொழுந்து நிறுத்தேன்" என்பதே தகுதி. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து 70 உயிர்கள் போயின. அந்த லயங்களோடு என்னென்ன ஞாபகங்கள் போயின என்று யார் சொல்ல முடியும்? வீட்டில் மூத்தவர் எழுதியது இருந்தால் தாமதிக்கக் கூடாது என்று நான் நச்சரிப்பதற்கு அதுவே காரணம்.

நம் பிள்ளைகள் பலருக்கு இன்று தமிழ் படிக்க வராது. மலையாளமும் ஆங்கிலமும் வரும். அதையும் பயன்படுத்தலாம். டில்லி, ஜெய்ப்பூர், பெங்களூர் பக்கம் ஆங்கிலத்தில் இயங்கும் முகவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நூலை அவர்களிடம் கொண்டுபோக, கடிதத்தோடு ஓரிரு அத்தியாயம் ஆங்கிலத்தில் வேண்டும். தாத்தா எழுதியதைப் பாட்டி வாசித்துச் சொல்ல, பேத்தி ஆங்கிலத்தில் எழுதினால், மூன்று தலைமுறையும் ஒரு மேசையில் உட்கார்ந்தாற்போல் ஆகும்.

பண விஷயம். படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்பவர் முகவர் அல்லர். நூல் விற்ற பிறகே அவருக்குப் பங்கு. பதிப்பகமே உங்களிடம் பணம் கேட்டால் அது அச்சடிக்கும் ஒப்பந்தம். தெரிந்தே செய்தால் தவறில்லை. எத்தனை படி, யார் விற்பது, மீதம் யாருக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் செலவில் போடும்போது நூல் விலையில் பத்து சதம் எழுத்தாளருக்கு என்பது பொதுவான வழக்கம். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது.

பதிலுக்கு மூன்று மாதம் காத்திருக்கலாம். அதற்குப் பின் ஒரு நினைவூட்டல், இரண்டு வரியில். ஒரே சமயம் இரண்டு இடத்துக்கு அனுப்பினால் அதை இருவருக்கும் சொல்லிவிடுவது மரியாதை. பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். அவர்கள் கணினியில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஒரிஜினல் நோட்டுப் புத்தகத்தை மட்டும் ஒருபோதும் தபாலில் போடாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து, அல்லது போனிலேயே பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு படியை வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ கொடுத்துவைத்துவிட்டுப் பிறகு கடிதத்தை எழுத உட்காருங்கள்.