அம்மாவின் தையல் மெஷினும் சுருள் பல்பும்

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் மிக்சி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள், வயிறு வலித்தாலும் என்னைத்தான் கேட்பார்கள்!

போன லீவில் அம்மா ஒன்று கேட்டார். வெயில் பட்டால் அவருக்கு முகம் சிவந்து தடித்துவிடும். வெளியே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் தைக்கிறார். மெஷினுக்கு மேலே, நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில், பழைய சி.எப்.எல். பல்பு தொங்குகிறது.

"வெயில்லயே போகல, அப்புறம் ஏன்டா முகம் எரியுது? இந்த லைட்டாலயா?"

"போம்மா, பல்புல ஏது வெயில்" என்று சொல்லிவிட்டேன். ஹாஸ்டலுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டியதும் வெட்கமாகப் போயிற்று.

சி.எப்.எல். என்பது நம் டியூப் லைட்டைச் சுருட்டி வைத்ததுதான். உள்ளே பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது முக்கியமாக வருவது வெளிச்சமே இல்லை, 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர்! கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளை பாஸ்பர்தான் அதை வாங்கி வெளிச்சமாக மாற்றுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுக்கும். கோளாறு வளைவில்தான். சுருட்டிய இடத்தில் பூச்சு விரிசல் விடும். 2012ல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தார் கடையில் வாங்கிய பல்புகளைச் சோதித்தபோது, விரிசல் வழியே கதிர் கசிவதையும், அந்த ஒளியில் மனிதத் தோல் செல்கள் பாதிக்கப்படுவதையும் கண்டார்கள். குண்டு பல்பு ஒளியில் அந்தப் பாதிப்பு இல்லை.

அதற்காக மிரள வேண்டாம். அவை ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள். விட்டத்தில் தொங்கும் பல்பு சாதாரண ஆளை ஒன்றும் செய்யாது. தூரம்தான் விஷயம். மூடியில்லாத சி.எப்.எல்.லுக்கு 30 செ.மீ.க்குள் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள் என்று 2008ல் பிரிட்டன் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. மேலே இன்னொரு உறை போட்ட பல்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒளி ஒத்துக்கொள்ளாத தோலுக்கோ கொஞ்சம் பட்டாலே போதும். அம்மா தைப்பது தினம் ஆறு மணி நேரம்.

வெள்ளை எல்.இ.டி.யில் பாதரசம் கிடையாது. நீல ஒளிதான் அங்கே பாஸ்பரைத் தூண்டுகிறது, புற ஊதா அநேகமாக இல்லை. 9 வாட்டில் ஒன்று வாங்கிப்போய் மாட்டினேன். பழசை உடைக்காமல் (பாதரசம் ஆயிற்றே!) அட்டைப்பெட்டியில் வைத்தேன்.

"நீ கேட்டது சரிதாம்மா" என்றேன்.

"அப்ப எரிச்சல் போயிடுமா?"

"அத டாக்டர்தான் சொல்லணும். லைட் விஷயத்தையும் அவர்கிட்ட சொல்லு."

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அந்த அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கோ என்கிறார் அம்மா.