மொட்டை மாடியில் ஒரு மருந்து!

"டாக்டர், ராத்திரி தூக்கமே இல்லை. எதைப் பார்த்தாலும் வெறுப்பா இருக்கு. சாப்பாடும் இறங்கலை. லேகியம் ஏதாவது குடுங்க..."

போன வருஷம் என்னிடம் வந்த அறுபது வயது அம்மா ஒருவர் சொன்னது இது. நாடி பார்த்தேன். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரியாகவே இருந்தன. பேச்சுக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கணவர் இறந்து எட்டு மாதம். அன்றிலிருந்து அந்தம்மா வாசல்படி தாண்டவில்லை. ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை!

பசிக்கு ஒரு சூரணம் கொடுத்தேன். கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன். "தினமும் காலையில மொட்டை மாடியில பத்து நிமிஷம் உட்காருங்கம்மா. என்ன பார்த்தீங்கன்னு அடுத்த வாரம் வந்து சொல்லணும்."

"இதெல்லாம் ஒரு வைத்தியமா டாக்டர்?" என்றார்.

நீங்களும் அதையேதான் கேட்பீர்கள். ஒரு தகவல் சொல்கிறேன், கேளுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்து, 1984-ல் வெளியிட்டார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்கு வெறும் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது!

காரணம் என்ன? கவலைப்படும் மனசு செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். 'கவலைப்படாதே' என்று சொன்னால் நிற்காது. ஆனால் ஓர் அணில் மதில் மேல் ஓடினால், நம்மை அறியாமல் கண் அதன் பின்னால் போகிறது. அந்த ஒரு நிமிஷம் மாட்டுக்கு ஓய்வு! காலை வெளிச்சம் கண்ணில் படுவதால் உடம்பின் கடிகாரமும் சீராகும். இரவில் தூக்கம் நேரத்துக்கு வரும். சித்த மருத்துவம் நாள் ஒழுக்கத்தில் வைகறையில் எழுவதை வலியுறுத்துவது சும்மா இல்லை.

இதற்காக ஊட்டி, கொடைக்கானல் போக வேண்டியதில்லை. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிஷமாவது பூங்கா, தோப்பு என்று இயற்கையோடு இருந்தவர்கள் மற்றவர்களைவிட நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரேயடியாகப் போனாலும் சரி, பிரித்துப் பிரித்துப் போனாலும் சரிதான்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* காலைக் காபியை டி.வி. முன்னால் குடிக்காமல் வாசலில் நின்று குடியுங்கள். செல்போன் உள்ளேயே இருக்கட்டும்.

* துளசிக்கோ ரோஜாத் தொட்டிக்கோ தண்ணீர் ஊற்றும்போது, புதிதாக ஒரு துளிர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

* முதல் மழை பெய்தால் ஜன்னலைத் திறந்து மண்வாசனையை நன்றாக இழுத்து விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் சோகம் விலகவில்லை என்றாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ அணிலும் மழையும் போதாது. தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது.

சரி, அந்தம்மா என்ன ஆனார்? முதல் வாரம், "எதிர்வீட்டுத் தண்ணி டேங்கைத்தான் பார்த்தேன்" என்றார் கோபமாக! மூன்றாவது வாரம் வந்து உட்கார்ந்ததுமே, "டாக்டர், எங்க முருங்கையில தேன்சிட்டு கூடு கட்டுது" என்றார். "அவர் இருந்தா கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்கம் போய்விடவில்லை. ஆனால் அன்று காலை மூன்று இட்லி சாப்பிட்டாராம்!

நாளைக் காலை உங்கள் மாடியில் என்ன இருக்கிறது? போய்ப் பாருங்களேன்!