கரையோர வீடுகள் – 9: உப்புக்காற்றும் உட்சுவர் வண்ணமும்

வீட்டின் உட்சுவருக்கு வண்ணம் தேர்வது, கடைக்காரர் நீட்டும் அட்டையிலுள்ள சிறு சதுரங்களில் கண்ணுக்குப் பிடித்த ஒன்றைச் சுட்டிக்காட்டும் செயலாக இன்று சுருங்கிவிட்டது. ராமேசுவரம் தீவின் தென்கிழக்கு நுனியான தனுஷ்கோடியிலும் அதையொட்டிய கரையூர்களிலும் அந்த அட்டையை நம்பி முடிவெடுக்க இயலாது. சுவர் எதனால் ஆனது, அதற்குள் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது, அறைக்குள் ஒளி எந்த வழியாக நுழைகிறது என்பவற்றை அறிந்த பின்னரே விருப்பத்துக்கு இடமுண்டு.

தனுஷ்கோடியில் இன்று எஞ்சியிருக்கும் சுவர்களே இதற்கு முதற்பாடம். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து ரயிலில் வந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறும் பயணிகளால் செழித்த அவ்வூரை, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலும் அதனுடன் எழுந்த கடலும் அழித்தன. கூரையிழந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர்களில் பூச்சு உதிர்ந்துவிட்டதால், உள்ளிருக்கும் பவளக்கற்கள் துளைதுளையாகத் தெரிகின்றன. கடலுக்கடியில் உள்ள பவளப்பாறையை வெட்டியெடுத்துக் கல்லாக அடுக்குவதும், பவளத்தையும் சிப்பியையும் காளவாயில், அதாவது சுண்ணாம்புச் சூளையில், சுட்டுச் சாந்தும் வெள்ளையும் ஆக்குவதும் இக்கரையின் பழைய கட்டட வழக்கம். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது பவளத்திலிருந்து கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அது நீரில் கொதித்து நீறி, சுவரில் பூசப்பட்டபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல உறிஞ்சி, வேதியியல் அடிப்படையில் மீண்டும் பவளத்தின் பொருளாகவே இறுகுகிறது. ஆகவே வெள்ளையடித்த பழைய அறையின் வெண்மை, சுவர்மேல் ஒட்டிய தனிப்படலமாக இல்லாமல் சுவரின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டிருந்தது.

பவளத்துக்கும் சுவருக்கும் இருந்த இந்த உறவு அறுந்ததற்கு வலுவான, நியாயமான காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் சேர்க்கப்பட்டன. பவளம் வெட்டியதால் அரண் இழந்த பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கியதை எண்ணிப் பார்த்தால், பவளச் சுண்ணாம்பு மீண்டும் வேண்டும் என்று எவரும் கேட்க மாட்டார்கள். சுண்ணாம்புக்கல்லில் சுட்ட சுண்ணாம்பும், ஒதுங்கிய கிளிஞ்சலில் சுட்ட சுண்ணாம்பும் அதே வேலையைச் செய்யும் என்பதால் இழப்பும் பெரிதில்லை.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கரையோர வீடுகளில் வண்ணம் கெடுவதற்குப் பெருங்காரணம் அதுவே. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது, சுவருக்குள் இருக்கும் கடலுப்பு ஈரத்தை இழுத்துக் கரைகிறது. காற்று உலரும்போது அது மீண்டும் படிகமாகிறது. ஒரே நாளில்கூட நிகழக்கூடிய இந்த மாற்றத்தில் படிகம் வளர்ந்து தரும் அழுத்தம், சுவரின் மேற்பரப்பைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. இதையே மக்கள் சுவரில் உப்புப் பூத்தல் என்கிறார்கள். சுண்ணாம்பு வெள்ளை நுண்துளைகள் கொண்டதால் ஈரம் அதன் வழியே வெளியேறுகிறது; உப்பு வெளியே பூத்தாலும் துடைத்துவிட்டு மறுபடி ஒரு கை அடித்தால் போதும். பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷன் பூச்சோ ஈரத்தைத் தடுத்து நிறுத்தும் படலமாக அமைவதால், உப்பு அதற்குப் பின்னால் சேர்ந்து படலத்தைக் கொப்புளமாக எழுப்பிப் பெயர்த்துவிடுகிறது. அடர்ந்த நீலமும் கரும்பச்சையும் அடித்த சுவரில் அந்த வெண்திட்டுகள் தொலைவிலிருந்தே தெரியும். வெண்மையிலும் இளமஞ்சளிலும் அவை கண்ணில் படுவதில்லை. பழைய வீடுகளில் வெளிர்நிறம் விரும்பப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்க வேண்டும்.

சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உடையது. அதனால் எல்லா நிறமிகளும், அதாவது நிறம் தரும் பொடிகளும், அதனுடன் ஒத்துப்போவதில்லை. இரும்புத் துரு கலந்த மண்ணான செங்காவியும் மஞ்சள் காவியும் காரத்தைத் தாங்கும். 1828இல் பிரான்சில் கிமே என்பவர் செயற்கையாகச் செய்துகாட்டிய அல்ட்ராமரீன் நீலமும் தாங்கும். வெள்ளையில் சிறிது நீலப்பொடி கலக்கும் பழக்கத்தின் பொருள், சுண்ணாம்பில் இயல்பாகத் தெரியும் மஞ்சட்சாயலை அடக்கிக் கண்ணுக்குத் தூய வெண்மையைக் காட்டுவதே.

ஒளியைப் பற்றி வெளிநாட்டு நூல்களிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த விதி ஒன்று இங்கே பொருந்தாது. வடக்கு நோக்கிய அறையில் வெயில் படாது, அதனால் அங்கே மஞ்சளும் செம்மையும் பூசி வெதுவெதுப்பைக் கூட்ட வேண்டும் என்பது ஐரோப்பாவின் அகலாங்குக்குச் சரி. தனுஷ்கோடி வடக்கு அகலாங்கு 9 பாகையை ஒட்டி இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆகஸ்டு மாத இறுதியிலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடபுறம் சாய்கிறது. டிசம்பரில் தெற்கே ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கிறது. ஆகவே வடக்கறைக்கும் ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் நேர்வெயில் உண்டு. அதைவிடக் கருதத்தக்கது மணல். இருபுறமும் கடலும் நடுவே வெண்மணலும் உள்ள நிலத்தில், உச்சிவெயில் சன்னல் வழியே நேரே புகாவிட்டாலும், மணலில் பட்டுக் கீழிருந்து மேலாக எழும் ஒளி முதலில் உட்கூரையில்தான் விழுகிறது. எனவே இங்கு உட்கூரையின் நிறமே அறையின் ஒளியை ஆள்கிறது. கூரையைப் பளிச்சென்ற வெண்மையாகவும் சுவர்களையும் அதே வெண்மையாகவும் விட்டால் பகலில் கண் கூசும். கூரையில் வெள்ளையும், சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மஞ்சள் காவி சிறிது கலந்த மணல் நிறமும் இருந்தால் அதே ஒளி தணிந்து பரவும்.

உள்ளறை இருண்டது என்றால் கணக்கு மாறும். ராமநாதபுரத்து அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசம் இதற்கு மிகச் சிறந்த சான்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்ட ஓவியங்கள் அதன் சுவர்களையும் தூண்களையும் நிறைக்கின்றன: தஞ்சை மராட்டியருடனான போர், ஐரோப்பியர் சேதுபதியைக் காணும் காட்சி, ராமாயண நிகழ்ச்சிகள் எனச் செங்காவியும் மஞ்சளும் மேலோங்க விரிகிறது அந்த உலகம். வெளியே சுடும் வெயிலிலிருந்து உள்ளே வருபவரின் கண் இருளுக்குப் பழக நேரமாகும். பழகியபின் அந்தச் செம்மை ஆழ்ந்து தெரிகிறது. வெட்டவெளியில் உறுத்தியிருக்கக்கூடிய நிறங்கள் அந்த மங்கலில் சரியான அளவுக்கு வந்துவிடுகின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அக்கூடத்தை, வீடு கட்டும் எவரும் வண்ணம் தேர்வதற்கு முன் ஒருமுறை பார்ப்பது பயனளிக்கும்.

மற்றொன்று, அந்தி வேளை. ஒளி குறையக் குறையச் சிவப்பு விரைவில் கருத்துவிடும் என்பதையும், நீலமும் பச்சையும் அதன்பின்னும் நெடுநேரம் தெரியும் என்பதையும் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டில் விளக்கினார். இரவில் மட்டும் புழங்கும் படுக்கையறைக்கு இளநீலம் ஏற்றதாவது இதனால்தான். சமையலறைக்குக் கழுவத்தக்க பூச்சு வேண்டும் என்பதைத் தவிர அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் அறைக்கான பூச்சில் ஈயத்தின் அளவைப் பார்ப்பது கட்டாயம். 2017 நவம்பர் முதல் இந்தியாவில் வீட்டுப் பூச்சுகளில் அது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது, ஆயினும் அதற்கு முன் பூசிய பழைய எனாமலைச் சுரண்டும்போது எழும் தூசி இன்றும் தீங்கானதே.

சுண்ணாம்பு நிறம் ஈரத்தில் ஆழ்ந்தும் உலர்ந்தபின் வெளிறியும் தெரியும் என்பதால், பூசியவுடன் தீர்ப்புச் சொல்வது பிழையில் முடியும். சன்னலுக்கு எதிரே ஒன்றும், இருண்ட மூலையில் ஒன்றும், தரையை ஒட்டி ஒன்றுமாக முழ அகலத் திட்டுகளைப் பூசி, காலை, நண்பகல், விளக்கு வைத்தபின் என மூன்று வேளையும் பார்க்க வேண்டும்; தரையை ஒட்டிய திட்டை ஐப்பசி, கார்த்திகை மழை முடியும் வரை விட்டுவைத்தால், அச்சுவரில் உப்பு எந்த உயரம் வரை ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த உயரத்துக்குச் செங்காவிப் பட்டை அடித்து, ஆண்டுதோறும் அதை மட்டும் புதுப்பித்தால் போதும். மேற்சுவரின் வண்ணத்தைத் தொட வேண்டியிராது.