பார்ப்பதற்காக ஒரு பயணம்

பயணம் என்றதும் எம்மில் பலருக்கு நினைவில் வருபவை மூட்டை முடிச்சுகளும் முகாம்களும் வைத்தியசாலை வாசல்களும்தான். விரும்பிய இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்காகக் கணவனும் மனைவியும் ஒன்றாகப் புறப்படுவதும் பயணம்தான். அப்படியொரு பயணத்தைப் பற்றியே இம்முறை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பேஸ்போல் மைதானங்களைப் பார்ப்பதற்கென்றே காரில் நாட்டைச் சுற்றும் தம்பதியினர் பலர். அங்குள்ள முதல்தர அணிகள் 30. அவற்றில் 29 அமெரிக்காவிலும் ஒன்று கனடாவின் ரொறொன்ரோவிலும் உள்ளன. எமது பாடசாலைகளில் ஆடப்படும் எல்லேயை அறிந்தவர்களுக்கு இவ்விளையாட்டை விளங்கிக்கொள்வது இலகு. பந்தை அடித்தவர் மூன்று தளங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். அந்தப் புறப்பட்ட இடத்தை அவர்கள் 'வீடு' என்றே அழைக்கிறார்கள்.

தொண்டுப் பணிக்காகக் கிளிநொச்சிக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கத் தம்பதியினர் இப்பயணத்தை மூன்று கோடைகாலங்களில் செய்து முடித்தவர்கள். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவி ஓய்வுபெற்ற தாதி. ஒரு பிற்பகல் எமது பெண்கள் குழுவினருடன் இருந்து கதைத்தார்கள். நான் மொழிபெயர்த்தேன். விளையாட்டில் பைத்தியம் கணவருக்குத்தான். "நானும் வருகிறேன். ஆனால் எங்கெங்கே நிற்பது என்பதில் பாதி என்னுடைய முடிவு" என்று மனைவி முதலிலேயே சொல்லிவிட்டாராம். பாதித் தூரம் காரை ஓட்டியவரும் அவரே. உணவைக் கட்டிக்கொண்டு போய், விலை குறைந்த மேல்வரிசை ஆசனங்களில் இருந்து ஆட்டம் பார்த்திருக்கிறார்கள்.

கணவர் தெரிவுசெய்தவை பழம்பெரும் மைதானங்கள். பொஸ்ரன் நகரின் ஃபென்வே மைதானம் 1912இல் திறக்கப்பட்டது. இன்றும் பாவனையிலுள்ள முதல்தர மைதானங்களில் அதுவே மிகப் பழையது. சிக்காகோவின் றிக்லி மைதானம் 1914இல் கட்டப்பட்டது. அதன் மதிலில் 1937இல் நட்ட கொடிகள் இன்றும் பச்சைப் பசேலென்று படர்ந்திருக்கின்றன.

மனைவி தெரிவுசெய்த இடம் சிக்காகோவுக்கு அருகிலுள்ள றொக்ஃபோர்ட் என்ற சிறு நகரம். இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஆண்கள் போய்விட, 1943இல் பெண்களுக்கான தொழில்முறைப் போட்டித்தொடர் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. அதில் பேர்பெற்ற அணியொன்றின் மைதானம் அங்கேதான் இருந்தது. பெண்கள் பாவாடை அணிந்தே ஆடவேண்டும் என்பது விதி. தளத்தை எட்டச் சறுக்கி விழும்போதெல்லாம் தொடையும் முழங்காலும் உரிந்துபோகும். நடை, உடை, ஒப்பனை பற்றிய வகுப்புகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். அப்படியிருந்தும் 1954 வரை 600 இற்கும் மேற்பட்ட பெண்கள் ஆடினார்கள். பின்னர் அவர்களைப் பலரும் மறந்துபோயினர். 1988இல்தான் பேஸ்போல் அருங்காட்சியகத்தில் அவர்களுக்கென ஒரு பகுதி திறக்கப்பட்டது.

கடைசியாகப் போனது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் டொட்ஜர் மைதானத்துக்கு. கணவர் சிறுவயது முதல் நேசித்த அணியின் மைதானம் அது. அது எழுந்த பள்ளத்தாக்கில் முன்னர் மெக்சிக்கோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்த மூன்று குடியிருப்புகள் இருந்தன. பொது வீடமைப்புத் திட்டம் வரப்போவதாகச் சொல்லி, 1950இல் வீடுகளை விற்குமாறு அவர்களுக்குக் கடிதம் வந்தது. அந்த வீடுகள் கட்டப்படவே இல்லை. நிலம் பின்னர் அணிக்குப் போனது. 1959 மே மாதத்தில், இறுதிவரை வெளியேற மறுத்த அவ்ரோறா வர்காஸ் என்ற பெண்ணைப் பொலிஸார் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிச் சென்றார்கள். 1962இல் மைதானம் திறக்கப்பட்டது. விளையாட்டில் ஓடுபவர் வீடு திரும்பலாம், அந்த மக்களால் திரும்ப முடியவில்லை.

இதை மனைவி வாசித்துச் சொன்னபோது கணவர் முதலில் கோபித்தாராம். அன்றிரவு முழுவதும் காரில் அதைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். "முப்பது வருடமாக ஒன்றாக வாழ்கிறோம். இப்படிப் பேசியது அன்றைக்குத்தான்" என்றார் அந்த அம்மா.

எமது பெண்கள் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைகளை ஆரிட்ட விட்டிட்டுப் போனனீங்கள்?" என்பது. வயதான ஓர் அம்மா என் பக்கம் திரும்பி, "நாங்களும் ஊரூராப் போனனாங்கள்தான் பிள்ளை. ஆனால் ஒண்டையும் பாக்கவெண்டு போகேல்லை" என்றார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

பணத்தையும் நிலத்தையும் போலவே ஓய்வு நேரமும் ஒரு வளம் என்று சமூகவியலில் படித்தேன். அது வீட்டுக்குள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஆண் சந்திக்குப் போய்க் கதைத்துவிட்டு வருவார். பெண்ணின் ஓய்வு, அடுத்த சமையலுக்கு இடைப்பட்ட நேரம். யுத்தம் 2009இல் முடிந்த பின்னரும் கந்தோர், வங்கி, வைத்தியசாலை தவிர வேறெங்கும் போகாத பெண்களை நான் தினமும் சந்திக்கிறேன். துணைவரை இழந்தவர்களும், காணாமற்போனவரைத் தேடுபவர்களும் சந்தோஷமாக ஓரிடம் போனால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சுகிறார்கள்.

சகோதரிகளே, அமெரிக்காவுக்கோ மைதானத்துக்கோ போகவேண்டியதில்லை. கணவர் இருப்பவர்கள் அவருடன் இருந்து போகுமிடத்தைத் தெரிவுசெய்யுங்கள். பாதி முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். தனித்திருப்பவர்கள் தோழியருடன் சேர்ந்து புறப்படுங்கள். எமது குழுவினர் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஆளுக்கு 50 ரூபாவை ஓர் உண்டியலில் போட ஆரம்பித்திருக்கிறார்கள். முதலில் எங்கே போவது என்பதில் இன்னும் இணக்கம் வரவில்லை. கூட்டம் முடிந்த பிறகும் அதைப் பற்றித்தான் வாக்குவாதம்.