பப்பாளிப் பாலும் பன்னீர்ப் புட்டியும்

வீட்டு அடுப்பில் காய்ச்சும் மூலிகை முகநீருக்கு மீண்டும் மவுசு. செடியில் விளைந்ததெல்லாம் சாதுவானதுதானா என்ற கேள்விக்கு ஹெப்பகோடியின் கதையே பாதி பதில் சொல்லிவிடுகிறது.

பெங்களூர் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது, ஓசூர் சாலையோரத்து நிலையம் ஒன்றின் பெயர்ப் பலகையில் ஊரோடு சேர்ந்து ஒரு கம்பெனியின் பெயரும் ஏறியது: பயோகான் ஹெப்பகோடி. இன்று இன்சுலினுக்கும் புற்றுநோய் மருந்துகளுக்கும் பெயர் போன அந்த நிறுவனம் 1978-ல் தொடங்கியபோது தயாரித்தது இரண்டே பொருள்கள். ஒன்று, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசின்கிளாஸ். மற்றது, பப்பாளிக்காயின் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன். இரண்டுமே பீரைத் தெளிய வைக்க உதவுபவை. பீர் வடிப்பில் முறையாகப் பயிற்சி பெற்றும், பெண் என்பதால் இந்திய ஆலைகளில் கதவு திறக்காத கிரண் மஜும்தார், 25 வயதில் 10,000 ரூபாய் முதலீட்டில், அயர்லாந்து கம்பெனி ஒன்றின் கூட்டோடு, பெங்களூரில் வாடகை வீட்டின் கார் ஷெட்டில் ஆரம்பித்த தொழில் அது. மறு ஆண்டே அவருடைய நொதிகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறின. கார் ஷெட் பின்னால் ஹெப்பகோடித் தொழிற்சாலையாக வளர்ந்தது.

பீர் ஆலைக்குப் பப்பாளிப் பால் எதற்கு? புரதத்தை அறுத்துத் துண்டாக்கும் வேலையை அது கச்சிதமாகச் செய்கிறது. குளிரில் பீரைக் கலங்க வைக்கும் புரதத்தை அது கரைக்கிறது. முற்றிய இறைச்சியை மெத்தென்று வேக வைக்கிறது. கறிக்குழம்பில் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடும் பாட்டிகளுக்கு இது கம்பெனிகளுக்கு முன்பே தெரியும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் இந்தப் பாலுக்காகவே ஏற்ற பப்பாளி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. பால் எடுப்பவர்கள் விடிகாலையில் முற்றிய பச்சைக்காயில் மேலிருந்து கீழாக மூன்று, நான்கு கீறல்கள் போடுவார்கள். கீறலின் ஆழம் மூன்று மில்லிமீட்டர்தான். கையில் உறை மாட்டிக்கொள்வது நல்லது. பால் பட்ட தோல் வெந்துபோகும்.

அதே பப்பாளிக்காயை அரைத்து வடிகட்டி, ‘கரும்புள்ளி மறைய முகத்தில் தடவுங்கள்’ என்று இன்று கைபேசித் திரையில் யார் யாரோ சொல்கிறார்கள். மனிதத் தோலும் புரதம்தான் என்பதை அவர்கள் சொல்வதில்லை. பப்பைன் கலந்து, அனுமதி பெறாமல் விற்பனையில் இருந்த காய மருந்துகளை 2008-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. கடும் ஒவ்வாமை, ரத்த அழுத்தம் சரிவது வரை புகார்கள் வந்திருந்தன. பழுத்த பப்பாளியில் இந்தப் பால் மிகக் குறைவு. அதனால்தான் பழக்கூழ் பூசியவர்களில் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. காய்க்கும் பழத்துக்கும் இருக்கும் இந்த வித்தியாசம் தெரியாமல் செய்முறை மட்டும் கை மாறும்போதுதான் ஆபத்து.

டோனர் என்ற சரக்கின் பூர்வீகத்தைப் பார்த்தால் அதற்கு இவ்வளவு பெரிய ஆசைகள் கிடையாது. கோல்டு கிரீம் போட்டுத் துடைத்த முகத்தில் மிஞ்சும் பிசுபிசுப்பையும், சோப்பு விட்டுப்போகும் படிவையும் எடுக்க வந்த நீர் அது. பழைய டோனர்களில் ஆல்கஹால் கணிசமாக இருக்கும். தடவியதும் ‘சுருக்’கென்று இழுக்கும், அதைத்தான் சுத்தம் என்று நம்பினார்கள். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு ஏறக்குறைய 5. சாதாரணக் குளியல் சோப்போ 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். கழுவியதும் தோல் இறுகுவது இதனால்தான். ஆனால் சில மணி நேரத்தில் தோல் தானாகவே தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். டோனர் இல்லாவிட்டால் குடி முழுகிப்போகாது.

ஹெப்பகோடி போன்ற ஊர்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. ஆயத்த ஆடை ஆலைகளுக்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்தவர்கள் தங்கும் வரிசை வீடுகளில் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர், இல்லையென்றால் டேங்கர் தண்ணீர். 2024 கோடையில் பெங்களூரையே உலுக்கிய தட்டுப்பாட்டில் டேங்கர் தண்ணீருக்கும் அல்லாட வேண்டியிருந்தது. ஆழத்திலிருந்து வரும் உப்புத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். இவை சோப்போடு சேர்ந்து நுரைக்குப் பதில் வெள்ளைத் திப்பியாகின்றன. பக்கெட்டின் விளிம்பில் படியும் அந்தத் திப்பி முகத்திலும் படியும். ஊரிலிருந்து வந்து ஒரு மாதத்தில் ‘தண்ணி ஒத்துக்கல, மூஞ்சி வறண்டுபோச்சு’ என்று புலம்பும் பெண்களின் குறை கற்பனை அல்ல. இதற்கு முதல் வைத்தியம் மூலிகைகூட இல்லை. கொதிக்க வைத்து ஆறித் தெளிந்த ஒரு சொம்பு தண்ணீர். கொதிக்கும்போது கடினத்தன்மையின் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததைக் கொண்டு கடைசியாக முகத்தை அலசினால் டோனரின் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்குத்தான் பன்னீர். கல்யாண வாசலில் வெள்ளிச் செம்பிலிருந்து தெளிக்கப்படும் இந்த நீர் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இன்றும் பழைய முறையில் வடிக்கப்படுகிறது. செம்பு அண்டாவில் பூவும் நீரும். வாயை மண் குழைத்து அடைப்பார்கள். மூங்கில் குழாய் வழியே ஆவி இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமர்ந்திருக்கும் இன்னொரு பாத்திரத்தில் குளிரும். வீட்டில் இதற்கு இட்லிப் பானையே போதும். நடுவே ஒரு சிறு முக்காலி, அதன்மேல் எவர்சில்வர் கிண்ணம். சுற்றிலும் பூவிதழ், இதழ் மூழ்கும் அளவு நல்ல தண்ணீர். குமிழ் உள்ளே தொங்கும்படி மூடியைக் கவிழ்த்து, மேலே ஐஸ் கட்டி வைக்க வேண்டும். ஆவி போகும் ஓட்டை இல்லாத மூடியாக இருப்பது முக்கியம். அடுப்பு சிறு தீயில் எரிய, ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து குமிழ் வழியே கிண்ணத்தில் சொட்டும். ஐஸ் உருக உருக அந்த நீரை ஒற்றி எடுத்துவிட்டுப் புதிது போடலாம். முதல் அரை மணி நேரத்தில் இறங்குவதுதான் வாசனையானது. அதற்கு மேல் பேராசைப்பட்டால் கிடைப்பது வெறும் தண்ணீர். தீயை மறந்தால் தீய்ந்த இதழ் நாற்றம்.

பூவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹெப்பகோடியிலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் வரும் ஓசூர், ரோஜாவுக்குப் பெயர் போனது. பசுமைக்குடில்களில் வளரும் நீளத் தண்டு ரோஜாக்கள் காதலர் தினத்துக்கு விமானம் ஏறுகின்றன. கண்ணுக்கு அழகான அந்தப் பூக்களில் மணம் சொற்பம், பூச்சிமருந்துத் தெளிப்போ ஏராளம். முகநீருக்கு வேண்டியது மார்க்கெட்டில் கிலோ கணக்கில் குவித்து விற்கும் பன்னீர் ரோஜா. அதிலும் வீட்டுத் தொட்டியில் பூத்தது என்றால் சிலாக்கியம். கடையில் பன்னீர்ப் புட்டி வாங்குபவர்கள் பின்பக்கச் சீட்டைப் படிக்க வேண்டும். நீர், வாசனைப் பொருள், பதனப் பொருள் என்று மட்டும் இருந்தால் அது ரோஜாவைப் பார்த்திராத தண்ணீர்.

பூ கிடைக்காதவர்களுக்கு வெட்டிவேர் இருக்கிறது. ஒரு பிடி வேரை அலசி, கொதித்த நீரில் போட்டு மூடி, ஆறியதும் மெல்லிய துணியில் வடித்தால் போதும். வெள்ளரிச் சாறு, துளசி நீர், சர்க்கரை போடாத கிரீன் டீ என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். எல்லாவற்றின் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான்: குளிர்ச்சி, ஈரம், ஒரு மணம். எண்ணெய் வழியும் முகத்துக்குத் துவர்ப்புள்ளவை கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். கடுக்காய், நெல்லிக்காய், மாதுளைத் தோல் ஆகியவற்றில் இருக்கும் டானின் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது. தமிழ்நாட்டில் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் பதனிட ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் பயன்படுத்தியதும் இதே குணத்துக்காகத்தான். செருப்புத் தோலுக்கு ஆகும் கஷாயம் முகத்துக்கு எவ்வளவு நீர்த்திருக்க வேண்டும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

எலுமிச்சையின் கதை வேறு. பி.எச். 2-க்குச் சற்று மேலே நிற்கும் அந்தச் சாறு வெறும் புளிப்பு மட்டுமல்ல. எலுமிச்சை இனத்தில், முக்கியமாகத் தோலில், வெயில் பட்டால் விழித்துக்கொள்ளும் ரசாயனங்கள் உண்டு. சாறு பட்ட தோலோடு வெயிலில் நின்றவர்களுக்கு ஓரிரு நாளில் கொப்புளமும், பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கறுத்த திட்டும் வருவதைத் தோல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். நிறம் வெளுக்கப் போட்டது கறுப்பைத் தந்துவிட்டுப் போகும். நலங்கு மாவில் சேரும் கார்போகரிசியும் இதே குடும்பச் சரக்கைக் கொண்டது. அதிலுள்ள சொராலன், வெண்புள்ளிக்கு வெளிச்ச சிகிச்சை தரும்போது நவீன மருத்துவம் அளந்து கொடுக்கும் மருந்து. மருத்துவர் அளந்து கொடுப்பதை யூகத்தில் ஊறவைத்து முகத்தில் தெளித்துக்கொண்டு மதிய வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பது விவேகமல்ல. கற்றாழையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மடலை நறுக்கியதும் வழியும் மஞ்சள் பால் அரிக்கும். மடலைச் சாய்த்து வைத்து அதை வடியவிட்டு, உள்ளிருக்கும் சதையைப் பலமுறை கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

வேதியியலைவிடப் பெரிய எதிரி கிருமி. தண்ணீரும் தாவரச் சத்தும் சேர்ந்த புட்டி பாக்டீரியாவுக்கு விருந்து இலை. கம்பெனிகள் பதனப் பொருள் சேர்ப்பது வாங்குபவரைக் கெடுக்க அல்ல, இந்த விருந்தைத் தடுக்க. அதைச் சேர்க்காத வீட்டு நீரைச் சிறு அளவில் செய்து, கொதிநீரில் போட்டெடுத்துக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, ஃபிரிஜ்ஜில் வைத்து, மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். ஃபிரிஜ் இல்லாத அறையில் அன்றன்றைக்குச் செய்வதே சரி. கலங்கினால், நூல் விட்டால், வாசனை மாறினால் கொட்டிவிட வேண்டியதுதான். முகத்துக்குப் போகும் முன் முழங்கையின் உள்மடிப்பில் சில நாள் தடவிப் பார்த்தால் ஒவ்வாமை அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும்.

அக்கம்பக்கத்தாருக்குச் செய்து கொடுத்ததில் பாராட்டு வந்ததும் புட்டியில் அடைத்து வாட்ஸ்அப்பில் விற்கத் தொடங்குபவர்கள் பெருகிவிட்டார்கள். வேலைக்குப் போக முடியாத பெண்களுக்கு அது கௌரவமான வருமானம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விற்பனைக்கு அழகுப் பொருள் தயாரிக்க 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும். தயாரித்த தேதி, காலாவதி, சேர்மானம் எல்லாம் சீட்டில் இருந்தாக வேண்டும். மூன்று நாள் தாங்கும் நீரைக் கூரியரில் நான்கு நாள் அனுப்புவதில் உள்ள கோளாறு சட்டம் படிக்காதவருக்கும் புரியும்.

மூலிகை முகநீரைத் தேடி வருபவர்களில் ஒரு கூட்டம் வேறொரு இடத்தில் சுட்டுக்கொண்டு வந்தது. 1975-ல் அறிமுகமாகி 2020-ல் பெயர் மாற்றிக்கொண்ட பிரபல சிவப்பழகு கிரீமோடு நிற்காமல், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மாதக்கணக்கில் தடவியவர்கள் இவர்கள். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தினால் சிவந்து எரியும், பரு பொங்கும், தோல் மெலிந்து நரம்பு தெரியும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்; 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட முகத்தில் வெட்டிவேர்த் தண்ணீர்கூட நெருப்பாக எரியும். எரிந்ததும் மூலிகையைக் குறை சொல்லிவிட்டு மறுபடி பழைய டியூப்பையே எடுப்பவர்கள் உண்டு. இவர்களுக்குத் தேவை டோனர் அல்ல, தோல் மருத்துவர். கன்னத்தில் படரும் மங்குக்கும் அதேதான். வெயிலைத் தடுக்காமல் எந்த நீரைத் தெளித்தும் அது இறங்காது. ஷிஃப்டு முடிந்து ஓசூர் சாலையின் புகையோடு வீடு திரும்பும் முகத்துக்கு ஒரு சொம்பு தெளிந்த நீரும், பஞ்சில் நனைத்த பன்னீரும் தாராளமாகப் போதும். பப்பாளி பழுக்கும் வரை காத்திருந்து சாப்பிடலாம்.