ஏளனமும் மறுமொழியும்

ஒருவர் போற்றும் சமயத்தைப் பிறர் இழித்துரைத்தால் அவர் செய்யத்தக்கது யாது? பொறுத்துக் கொள்வதா, மறுமொழி கூறுவதா, அன்றித் தண்டனை வேண்டி அரசை நாடுவதா? கிறிஸ்தவ சமய வரலாற்றில் இம்மூன்றும் நிகழ்ந்துள்ளன. மாணவ நேயர்களாகிய உங்களுக்கு அவற்றை விளக்க விரும்புகிறேன்.

உரோமாபுரியில் பேரரசர்களின் மாளிகைகள் விளங்கிய குன்றுக்குப் பாலத்தைன் என்று பெயர். 1857ஆம் ஆண்டில் அங்கு அகழ்ந்தபோது, பழஞ்சுவர் ஒன்றில் கீறப்பட்ட சித்திரம் வெளிப்பட்டது. கழுதைத் தலையுடைய மனித உருவம் சிலுவையில் தொங்குகிறது. அருகே ஒருவன் கையுயர்த்தி வணங்குகிறான். அலெக்சாமெனோஸ் தன் கடவுளைத் தொழுகிறான் என்று கிரேக்க மொழியில் பிழைபட எழுதியிருக்கிறது. கேலிக்கென்றே தீட்டிய சித்திரம் அது. அக்கட்டடத்தின் வேறோர் அறையில் அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன் என்னும் பொருள்படும் சொற்கள் காணப்படுகின்றன. அவையே கேலிக்குக் கிடைத்த விடை என்று கருதுவோர் உண்டு.

கழுதைத் தலையை வணங்குவோர் என்ற பழி அக்காலத்தில் பரவலாக இருந்தது. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், 197ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் இதனைக் குறிப்பிடுகிறார். கழுதைக் காதுகளும் ஒரு காலிற் குளம்பும் உடையதாய், கையிற் புத்தகம் ஏந்திய உருவமொன்றை ஒருவன் ஊரிலே காட்டித் திரிந்தானாம். அதைக் கண்டு நகைத்தோம் என்கிறார் அவர். கிறிஸ்தவர் குழந்தைகளைக் கொன்று தின்கின்றனர் என்ற கொடும்பழிக்கோ, அதைக் கண்ட சாட்சி எங்கே என்று வழக்கறிஞரைப் போல வினவுகிறார்.

இனி, கற்றோர் கூறிய இகழ்ச்சியைப் பார்ப்போம். செல்சஸ் என்னும் அறிஞர் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிறிஸ்தவத்தைத் தாக்கி ஒரு நூல் இயற்றினார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், 248ஆம் ஆண்டளவில், ஒரிஜென் எட்டுப் பகுதிகளில் மறுப்பு எழுதினார். பொய்ச்சாட்சி கூறியோர் முன் இயேசு மௌனமாக இருந்தார் என்பதை நினைவூட்டியே அவர் தொடங்குகிறார். சீடரின் நல்வாழ்வே சிறந்த விடை என்பது அவர் கருத்து. ஆயினும் ஐயுறுவோரின் பொருட்டு, எதிரியின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விடை தந்தார்.

இவர்களெல்லாம் அதிகாரம் அற்றவர்கள். நான்காம் நூற்றாண்டில் பேரரசே கிறிஸ்தவம் தழுவியபின் நிலை மாறியது. கிறிஸ்தவத்தை எதிர்த்த போர்ஃபிரியின் நூல்களை எரிக்குமாறு 448ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தது. ஸ்காட்லாந்தில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற மாணவர், தெய்வ நிந்தனைக் குற்றத்திற்காக 1697ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு வயது இருபது. உங்களில் பலரை ஒத்த பருவம்! இங்கிலாந்தில் தெய்வ நிந்தனைக் குற்றம் 2008ஆம் ஆண்டில்தான் சட்டத்தினின்று நீக்கப்பட்டது.

பகைவரையும் நேசிக்கும்படி போதித்தவரின் பெயராலேயே இத்தண்டனைகள் நிகழ்ந்தன என்பது சிந்திக்கத்தக்கது. வலிமையற்ற காலத்துப் பொறுமையைவிட, வலிமை பெற்ற காலத்துப் பொறுமையே அரிது என்று நான் கருதுகிறேன்.

மற்றொன்றும் நோக்குங்கள். செல்சஸின் நூல் இன்று தனியே கிடைப்பதில்லை. அவர் கூறியவற்றை நாம் அறிவது ஒரிஜெனின் மறுப்பிலிருந்துதான். எரிக்கப்பட்ட போர்ஃபிரியின் நூலோ சிதறிய துணுக்குகளாகவே எஞ்சியுள்ளது. விடை கூறியவர் எதிரியின் குரலையும் காத்தார். எரித்தவர்கள் தமக்குரிய விடையையும் இழந்தார்கள்.